ஐஸ் கம்பெனிக்கு இன்றைக்கே தொகை சொல்லாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் நானும் நண்பனும் சேர்ந்து சாப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். ஒரு நண்டு கம்பெனிக்குக் கொள்முதல், பில், மீனவர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு எல்லாம் சேர்த்து 60 நாள், 80,000 ரூபாய் என்று பேசினோம். ஐந்து மாதம் ஆகியும் பாதிதான் முடிந்திருக்கிறது. பழைய நோட்டுக் கணக்கை ஏற்றுவதிலேயே நாள் போய்விட்டது. மாதம் நண்பனுக்கு 18,000, வாடகை, நெட், கரண்ட் 7,000, என் வீட்டுக்கு 25,000 ஆகிறது. தாமதத்தால் பெரிய நஷ்டம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ல் படகுகள் கிளம்புவதற்குள் வேண்டும் என்கிறார் முதலாளி. இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா? இதற்கு நடுவில் ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி கூப்பிட்டு, எவ்வளவு, எத்தனை நாள் என்று இன்றே கேட்கிறது. என்ன சொல்ல?

பதில்: தம்பி, ஆள் சேர்க்கிற யோசனையை முதலில் விடுங்கள். ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஓஎஸ்/360 என்ற பெரிய சாப்ட்வேர் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், பிந்திப்போன சாப்ட்வேர் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று. வருகிறவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கப் போவது நீங்கள் இருவரும்தானே, அத்தனை நாளும் உங்கள் கை சும்மா இருக்கும். தவிர, இரண்டு பேர் இருக்கும்போது பேசி முடிவெடுக்க ஒரே ஜோடி, நான்கு பேர் ஆனால் ஆறு ஜோடி.

அடுத்து, தாமதத்தால் நஷ்டம் என்கிறீர்களே, அது பாதி உண்மைதான். நீங்கள் எழுதிய செலவைக் கூட்டினால் மாதம் 50,000. சொன்னபடி இரண்டே மாதத்தில் முடித்திருந்தாலும் 1,00,000 ஆகியிருக்கும், நீங்கள் பேசியதோ 80,000. தொகை சொன்ன அன்றைக்கே 20,000 போய்விட்டது, ஐந்து மாதச் செலவு 2,50,000, தாமதம் அந்த நஷ்டத்தை இதுவரை 1,70,000 ஆக்கியது, அவ்வளவுதான். எவ்வளவு சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்வார் என்று யோசித்துச் சொன்ன தொகை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை மதிப்பீடு என்று சொல்ல முடியாது. செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள். மாதம் 25 நாள் உட்கார்ந்தாலும் பழைய வாடிக்கையாளர் போன், மின்தடை, அலைச்சல் எல்லாம் போக உருப்படியாக 15 நாள் கிடைத்தால் பெரிது. அப்படிப் பார்த்தால் உங்கள் ஒரு நாள் வேலைக்கு அடக்கவிலையே 3,300 ரூபாய்க்கு மேல்.

இப்போது ஐஸ் கம்பெனி. பேரி போம் என்ற அமெரிக்கர் 1981-ல் வெளியிட்ட கணக்குப்படி, என்ன வேண்டும் என்றே தெளிவாகாத ஆரம்ப நிலையில் சொல்லும் மதிப்பீடு உண்மையில் ஆவதில் நான்கில் ஒரு பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம். அதனால் இன்றைக்கு எந்த எண்ணும் சொல்லாதீர்கள். "ஒரு வாரம் உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வாரத்துக்கு இவ்வளவு கொடுங்கள், வேலை எனக்கே வந்தால் கழித்துக்கொள்ளலாம்" என்று நேராகக் கேளுங்கள். அதற்கே பணம் தரமாட்டேன் என்கிறவர் பின்னால் கேட்கிற மாற்றத்துக்கெல்லாம் பணம் தருவார் என்று நான் நம்பமாட்டேன்.

அந்த ஒரு வாரம் முதலாளியோடு டீ குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், கணக்கு எழுதுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். படகுக்குக் கடனில் போகிற ஐஸ் எப்படி எழுதப்படுகிறது, மீன் விற்ற பிறகு எந்தக் கையிலிருந்து வசூல் ஆகிறது, ஒரே ஆளுக்கு இரண்டு படகு இருந்தால் பாக்கி யார் பேரில் நிற்கிறது, பழைய எக்செல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறதா (இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்கவே தனியாக நாள் ஒதுக்க வேண்டும்). உங்கள் ஐந்து மாதத்தைத் தின்றது இந்த மாதிரி விஷயங்கள்தான், நிரல் எழுதுவது இல்லை. பழைய கணக்கை ஏற்றுவது, சோதிப்பது, ஆட்களைப் பழக்குவது ஒவ்வொன்றையும் தனி வேலையாக எழுதி நாள் போடுங்கள்.

வேலையை இரண்டு மூன்று நாளில் முடிகிற துண்டுகளாக வெட்டுங்கள், வெட்ட முடியாத துண்டு இருந்தால் அது உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்படி மசியாத துண்டுக்கு மூன்று எண் எழுதுங்கள். கடன் பாக்கிப் பகுதி எல்லாம் நன்றாக நடந்தால் 4 நாள், சாதாரணமாக 6, கெட்டுப்போனால் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 8 வரும். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய முறை இது. ஆனால் எந்தச் சூத்திரத்தையும்விட நண்டு கம்பெனி வேலையில் எந்தத் துண்டுக்கு எத்தனை நாள் சொன்னீர்கள், எத்தனை நாள் ஆனது என்று இப்போதே உட்கார்ந்து எழுதிவைப்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும். கடைசியில் ஒற்றை எண்ணாக இல்லாமல், "இதிலிருந்து இது வரை" என்று சொல்லுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

சரி, நண்டு கம்பெனி முதலாளியிடம் என்ன சொல்வது? இந்த வாரமே போய் உண்மையைச் சொல்லுங்கள். ஜூன் 15-க்குக் கொள்முதல் எடையும் பில்லும் மட்டும் ஓடும், முன்பணக் கணக்கு இப்போதைக்கு நோட்டிலேயே இருக்கட்டும், அதற்குத் தனித் தேதி, தனித் தொகை. எழுத்தில் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகாது, சரக்கு குறைவு, கணக்கு எழுதுகிறவருக்கும் நேரம் இருக்கும். ஆனால் அதே காரணத்தால் சோதித்துப் பார்க்க நிஜமான கூட்டமும் இருக்காது. போன சீசனில் வரத்து அதிகமாக இருந்த ஒரு நாளின் நோட்டை வாங்கி, அந்த நாளை அப்படியே சாப்ட்வேரில் ஓட்டிப் பாருங்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, நண்டு வலை போடுகிறவர்கள் கொண்டுவருகிற சரக்குக்குத் தினமும் நோட்டிலும் சாப்ட்வேரிலும் பில் போட்டு இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். ஜூன் முதல் வாரத்திலும் ஒத்துவரவில்லை என்றால், அந்த சீசன் நோட்டில் தொடங்கட்டும் என்று முதலாளியிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், 14-ம் தேதி ராத்திரி சொல்லாதீர்கள்.