அப்பத்தாவின் வட்டிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் அப்பத்தா 93 வயதில் போய்ச் சேர்ந்தார். 1953-ல் தாத்தா இறந்தபோது அவருக்கு 21 வயது, கையில் இரண்டு பிள்ளைகள். இட்லிக் கடை, கருவாட்டு வியாபாரம், நாலு எருமை, ஏலச்சீட்டு, வட்டிக்கு விட்டது, கடைசியில் பேரன் பெயரில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருந்தார். முப்பதாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு எனக்கு. அவரே பேசுவதுபோல் எழுதுவதா, நான் சொல்வதுபோல் எழுதுவதா? இன்னொன்று, வட்டித் தொழிலைப் பற்றி மூச்சு விடாதே, அசிங்கம் என்கிறார் சித்தப்பா. முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

எது கைக்கு வருகிறதோ அப்படி எழுதுங்கள், அதிலொன்றும் இல்லை. முதல் பக்கத்தைப் படித்தேன். 'தியாகச் சுடர்', 'அன்பின் ஆலயம்', 'பொறுமையின் சிகரம்'. பெயரை மாற்றினால் எந்த ஊர்க் கிழவிக்கும் பொருந்தும். கருவாடு விற்றவர் என்கிறீர்கள், அந்த வாடையே இல்லையே அம்மா இதில்!

சித்தப்பாவுக்கு வட்டி அசிங்கமாம். அவர் படித்த படிப்புக்கு எந்தப் பணத்தில் ஃபீஸ் கட்டினார்கள் என்று கேட்டீர்களா? 1956-ல் வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் இருந்தது, உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமைதான். தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. இட்லி விற்றுச் சேர்த்த காசு மட்டும் அவர் காசு. அதை அவர் வட்டிக்கு விட்டிருக்கிறார். இதில் எது அசிங்கம்?

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவைப் பெற்ற ஆயா காரைக்குடிப் பக்கம். கல்யாணத்துக்கு வந்த சீர்ப்பணம் அவர் பெயரிலேயே பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் கிடந்து வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆச்சி பணம் என்பார்கள். கணவன் பணம் வேறு, அது வேறு. 1930-களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழ்பர்மாவின் நெல் வயல்களில் கிட்டத்தட்டக் கால்வாசி அந்தப் பத்தாண்டுக்குள் கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் கைக்கு வந்தது. ஆயாவின் சீர்ப்பணமும் அதில் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் போச்சு.

அப்புறம்தான் ஆயாவின் தொழில் ஆரம்பித்தது. சீராக வந்த பித்தளை அண்டாக்களைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டார். மணகோலமும் சீப்புச் சீடையும் செய்து கொடுத்தார், ஓலையில் கொட்டான் முடைந்தார், அதில் வந்ததைக் கைமாற்றாகவும் வட்டிக்காகவும் விட்டு அறுபதுகளில் ஒரு மாவு மில்லே வைத்துவிட்டார். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் புரோநோட்டு என்கிற கடன் பத்திரம் மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்று தெரியும். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சுருக்குப் பையில் ரெவின்யூ ஸ்டாம்போடு கடன்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, புது நோட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

நான் ஹாஸ்டலில் சேர்ந்தபோது அம்மா அவரிடம் 400 ரூபாய் கேட்டாள். பெற்ற மகள். ஆயா ஸ்டாம்பை நாக்கில் ஈரம் தொட்டு ஒட்டி, அதன்மேல் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, ஊராருக்கு ஒன்றரை. அம்மா அன்று ராத்திரி முழுக்க அழுதாள். பதினான்கு மாதம் கட்டினாள். ஒவ்வொரு தடவையும் நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்தார் ஆயா. கடைசித் தவணை அன்று நோட்டை நாலாகக் கிழித்து அம்மா கையில் கொடுத்து, "இனி நீ எனக்குக் கடன்காரி இல்லை, யாருக்கும் இல்லை, போய்ச் சாப்பிடு" என்றார். திருப்பிப் பணமெல்லாம் தரவில்லை. கதையில்தான் பாட்டிகள் தருவார்கள்.

இதை வைத்து ஆயா நல்லவரா கெட்டவரா என்று என்னிடம் கேட்காதீர்கள், அம்மாவே கடைசிவரை ஒரு பதில் சொல்லவில்லை. ஆனால் 'அன்பின் ஆலயம்' என்று அச்சடித்திருந்தால் ஆயாவே காகிதச் செலவு எவ்வளவு என்று கேட்டிருப்பார்.

உங்கள் அப்பத்தாவும் கணக்கு எழுதியிருப்பார், நோட்டிலோ, காலண்டர் தாளின் பின்புறத்திலோ, சுவரில் கரிக்கோடாகவோ. துட்டி வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது அதுதான். சித்தப்பா கண்ணில் படுவதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களென்றால் இன்றைக்கே போய்ச் சுவரைப் படம் எடுங்கள்.