காலையில் டைரி எழுத ஆசை, ஒரு வாரம் தாண்டுவதில்லையா?

கேள்வி: காலையில் எழுந்ததும் டைரி எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. புது நோட்டு வாங்கி உற்சாகமாகத் தொடங்குகிறேன். ஒரு வாரத்துக்குள் நின்றுபோகிறது. என்ன எழுதுவதென்றும் தெரியவில்லை. இதைப் பழக்கமாக்க என்ன வழி?

பதில்: என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இரவில் எழுத வேண்டிய டைரியைக் காலையில் எழுதப் பார்ப்பதே காரணம். நேற்று எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று எழுதினால் சீக்கிரமே சலித்துவிடும். விடிந்ததும் மனதில் ஓடுவது இனி வரப்போவதுதான். அதை எழுதுங்கள்.

'இன்று மனசு சரியில்லை' என்று முதல் வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிறுத்தாமல், எதனால் என்று கேளுங்கள். 'பதினோரு மணிக்கு மீட்டிங்.' மீட்டிங் அடிக்கடி நடப்பதுதானே, இன்று மட்டும் என்ன? 'போன மாதக் கணக்கைக் கேட்பார்கள். என்னிடம் பாதிதான் இருக்கிறது.' சரி, விஷயம் பிடிபட்டுவிட்டது. 'பத்து மணிக்குள் மீதிக் கணக்கை வாங்கிவிட வேண்டும்.' அன்றைக்கு இது போதும். காரணம் தெரியாத கலக்கத்தைச் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றித் தருவதால்தான் காலை எழுத்தை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆறாத பழைய காயத்தை மட்டும் வேலைக்கு ஓடும் அவசரத்தில் கிளற வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் மன வேதனைகளைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். அடுத்த சில மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதிய மாணவர்களைவிட அவர்கள் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. அப்படிப்பட்டதை ஓய்வான ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுத எழுத வேதனை கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அப்புறம், நேரமும் இடமும். 'காலையில் எழுதுவேன்' என்றால் நடக்காது. 'பல் தேய்த்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவேன்' என்று ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கோர்த்துவிடுங்கள். முந்தைய இரவே நோட்டைத் திறந்து, பேனாவை மேலே வைத்துவிடுங்கள். எழுதி முடிக்கும்வரை போனைத் தொடக்கூடாது. அதைப் பார்த்துவிட்டால் அடுத்தவர் விஷயம்தான் தலைக்குள் ஓடும்.

முதல் மாதம் மூன்று வரிக்கு மேல் இலக்கு வைக்காதீர்கள். அதிகம் வந்தால் வரட்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் கெட்டுவிடாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர், உணவு, உடற்பயிற்சி சார்ந்த புதுப் பழக்கங்களைத் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் தானாக வருவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் விட்ட நாளுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள். அந்தச் சுமையே ஆளை ஓட்டிவிடும். அடுத்த வரியில் இன்றைய தேதி போட்டுத் தொடருங்கள். தேதி அச்சிட்ட டைரியில் விட்ட நாளெல்லாம் வெற்றுப் பக்கமாக நின்று உறுத்தும், ஆகவே கோடு போட்ட சாதாரண நோட்டே நல்லது. அழகான, விலை உயர்ந்த நோட்டும் வேண்டாம். அதில் கிறுக்கக் கை கூசும்.