ஐந்து மாதம் ஓடிய கப்பல்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஒரு சாதாரண அமெரிக்கச் சரக்குக் கப்பல், ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: உண்மைதான். கப்பலின் பெயர் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். போருக்காக அவசர அவசரமாகக் கட்டிய 2,710 லிபர்ட்டி கப்பல்களில் ஒன்று. கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 1942 ஏப்ரலில் கடலில் இறங்கியது. செப்டம்பர் 27-ல் மூழ்கி முடிந்துபோனது. ஒரு தீபாவளியைக்கூடப் பார்க்காத ஆயுள்.

கேப்டவுனிலிருந்து சுரினாம் போகும் வழியில், தென் அட்லாண்டிக்கில், மழை மூட்டத்துக்குள்ளிருந்து திடீரென இரண்டு கப்பல்கள் எதிரே வந்தன. ஒன்று, வணிகக் கப்பல் வேஷம் போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் 'ஸ்டியர்'. அதில் 15 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஆறு. மற்றது அதற்குத் துணையாக வந்த 'டானன்ஃபெல்ஸ்'. ஹாப்கின்ஸில் பெரிய பீரங்கி என்று பின்பக்கத்தில் ஒன்றே ஒன்று, 4 அங்குலம். நீராவி என்ஜின், 11 நாட் வேகம் (மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்). ஓடித் தப்ப வழியில்லை. ஆனாலும் கேப்டன் பால் பக் சரணடையவில்லை. கப்பலைத் திருப்பி, பின்பக்கத்தை எதிரிக்குக் காட்டினார். முதலில் விழுந்த குண்டுகளிலேயே ஸ்டியரின் சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது, என்ஜினுக்குப் போகும் எண்ணெய்க் குழாய் அறுந்தது.

நான் இருபத்தாறு வருஷம் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். அதனால் எட்வின் ஓஹாராவை என்னால் மறக்க முடியாது. பதினெட்டு வயது, என்ஜின் பயிற்சி மாணவன். கீழேயிருந்து ஏறி வந்தபோது பீரங்கிக்காரர்கள் எல்லோரும் விழுந்து கிடந்தார்கள். மிச்சம் ஐந்து குண்டு. தனியாளாக ஒவ்வொன்றாகப் போட்டு ஐந்தையும் சுட்டான். அதன்பின் எதிரியின் குண்டுக்கு அவனும் பலியானான். தீப்பிடித்துச் செயலிழந்த ஸ்டியரை ஜெர்மானியர்களே கைவிட, அன்றே அதுவும் மூழ்கியது. பின்னால் கட்டிய ஒரு லிபர்ட்டி கப்பலுக்கு அந்தப் பையனின் பெயரை வைத்தார்கள்.

சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஹாப்கின்ஸில் தப்பியவர்கள் ஏறிய படகைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிது. உயிர்காக்கும் படகு ஒன்றில் பத்தொன்பது பேர், பலருக்குக் காயம். இருந்தவர்களில் மூத்த அதிகாரி ஜார்ஜ் கிராங்க். அவரும் என்ஜினீயர்தான், கடலில் வழி பார்ப்பது அவர் தொழிலே அல்ல. மேற்கே போனால் தென் அமெரிக்கா வந்தே தீரும் என்று பாய் கட்டிச் செலுத்தினார். மழை பெய்தால்தான் குடிக்கத் தண்ணீர் சேரும். பயிற்சிக்காக நானும் அப்படிப் படகில் உட்கார்ந்திருக்கிறேன். ஆள் நிறைந்துவிட்டால் முழங்காலை நீட்ட இடம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும். அவர்கள் ஒரு மாதம் அப்படி இருந்தார்கள். நான்கு பேர் வழியிலேயே இறந்தார்கள். அக்டோபர் 27-ல் பிரேசிலின் பார்ரா டோ இடபபோவானா என்ற சிற்றூரில் மிச்சம் பதினைந்து பேர் கரையேறினார்கள்.