கேளுங்க சொல்றேன்: ஹாஜி கோச்சா ஜெயிச்ச இடம்

போன இதழ்ல 1994 ஃபுட்பால் வேர்ல்ட் கப் பத்தி எழுதினப்போ ருமேனியாவோட கியோர்கே ஹாஜி பேரை ஒரே ஒரு வரில சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்க தான் இந்தத் தடவை முழுக்க. எனக்கும் சந்தோஷம் தான், ரொம்பப் பிடிச்ச ஆளு அவரு.

ஹாஜியை ஏன் 'கார்பாத்தியன் மரடோனா'ன்னு சொல்றாங்க? சும்மா பத்திரிகைக்காரங்க வச்ச பட்டமா?

கார்பாத்தியன்ங்கிறது ருமேனியா குறுக்கால ஓடுற மலைத்தொடர். குட்டையான உடம்பு, இடது கால், முதுகுல 10ம் நம்பர், டீம் மொத்தமும் அவரைச் சுத்தித் தான் ஓடும், இதெல்லாம் பார்த்து வச்ச பேரு. 1994ல அமெரிக்கால கொலம்பியாவோட மேட்ச், இடது பக்க ஓரத்துல ரொம்பத் தூரத்துல பந்து கிடைக்குது, எல்லாரும் கிராஸ் போடப் போறார்னு நினைக்கிறப்போ கோல்கீப்பர் கோர்டோபா ரெண்டடி முன்னாடி நிக்கிறதை மட்டும் பார்த்துட்டு அவர் தலைக்கு மேல தூக்கி விட்டாரு, உள்ள போயிடுச்சு. அந்த மேட்ச் 3-1. அப்புறம் அர்ஜென்டினாவை 3-2ன்னு வெளிய அனுப்பினாங்க, மூணாவது கோல் ஹாஜியோடது. அந்த மேட்ச்ல நிஜ மரடோனா இல்ல, ஊக்கமருந்து சோதனைல மாட்டி அவரை ஏற்கெனவே வெளிய அனுப்பிட்டாங்க. குவார்ட்டர் ஃபைனல்ல ஸ்வீடன்கிட்ட பெனால்டி ஷூட்அவுட்ல தோத்தது எனக்கு இன்னைக்கும் ஆறல.

கம்யூனிஸ்ட் ஆட்சி நேரத்துல தானே வளர்ந்தாரு? அப்போ வெளிநாட்டு கிளப்புக்குப் போக விடுவாங்களா?

விட மாட்டாங்க. 1965ல கருங்கடல் பக்கம் கொன்ஸ்டான்ட்சா மாவட்டத்துல செசெலேங்கிற ஊர்ல பிறந்தவரு. முதல்ல கொன்ஸ்டான்ட்சா துறைமுக ஊரோட ஃபாருல் கிளப், அப்புறம் தலைநகர் புகாரெஸ்ட்ல ஸ்போர்ட்டுல் ஸ்டூடென்செஸ்க். அங்க ரெண்டு சீசன் அடுத்தடுத்து லீக்லயே அதிக கோல் போட்டாரு, அதுலயும் 1985-86ல மட்டும் 31. அந்த வருஷம் தான் ராணுவத்தோட கிளப்பான ஸ்டெயாவா ஐரோப்பியக் கோப்பையை (இப்போ சாம்பியன்ஸ் லீக்னு சொல்றது) ஜெயிச்சுது. 1987 பிப்ரவரில மொனாக்கோல டைனமோ கீவ் கூட சூப்பர் கப், ஐரோப்பாவோட ரெண்டு பெரிய கோப்பையை ஜெயிச்ச டீமுங்க மோதறது, அந்த ஒரே ஒரு மேட்சுக்குன்னு ஹாஜியை இரவல் வாங்கினாங்க. அவரோட ஃப்ரீகிக்ல 1-0ன்னு ஜெயிச்சாங்க, அதுக்கப்புறம் ஆளைத் திருப்பிக் குடுக்கவே இல்ல! ராணுவ கிளப்கிட்ட போய் யாரு கேட்கிறது? 1989 டிசம்பர்ல கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சி விழுந்ததுக்கு அப்புறம் தான் கதவு திறந்துச்சு, 1990ல ரியல் மாட்ரிட் போனாரு, வயசு 25 ஆயிடுச்சு.

ரியல் மாட்ரிட், பார்சிலோனா ரெண்டுலயும் ஆடியும் பெருசா சாதிக்கலையே?

உண்மை. ரெண்டு இடத்துலயும் ரெண்டு ரெண்டு வருஷம், நடுவுல இத்தாலில பிரெஷ்யா. அவரோட உண்மையான வீடு இஸ்தான்புல்ல கலாட்டாசராய், 31 வயசுல போய் சேர்ந்தாரு, தொடர்ந்து நாலு லீக் பட்டம். 2000 மே மாசம் கோபன்ஹேகன்ல ஆர்சனல் கூட யூஇஎஃப்ஏ கப் (ஐரோப்பாவோட இன்னொரு பெரிய கிளப் கோப்பை) ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸை அடிச்சுட்டு ரெட் கார்டு வாங்கி வெளிய போனாரு, பத்து பேரா தாக்குப் பிடிச்சு பெனால்டில கோப்பையைத் தூக்கினாங்க. கடைசி பெனால்டியைப் போட்டது அதே டீம்ல ஆடின இன்னொரு ருமேனியாக்காரர் போபெஸ்கு, ஹாஜிக்கு சகலை. அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க ரெண்டு பேரும்.

இவ்வளவு பெரிய பிளேயர், கோச்சா ஆரம்பத்துல ஏன் எடுபடல? பெரிய பிளேயர்னா நல்ல கோச்சா வர முடியாதுன்னு சொல்றாங்களே.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். 2001ல ஆட்டத்தை நிறுத்தின கையோட நேஷனல் டீம் கோச் ஆக்கினாங்க, அந்த வருஷம் நவம்பர்ல ஸ்லோவேனியாகிட்ட பிளேஆஃப்ல தோத்து 2002 வேர்ல்ட் கப் போச்சு, அவரும் போயிட்டாரு. துருக்கில புர்சாஸ்போர்ல கொஞ்ச நாள். அப்புறம் கலாட்டாசராய், அங்க 2005ல துருக்கி கப் ஃபைனல்ல ஃபெனர்பாஹ்சேவை 5-1ன்னு புரட்டி எடுத்தாங்க, ஜென்ம எதிரியை அப்படி அடிச்சும் லீக் கிடைக்கலன்னு அடுத்த சீசனுக்கு வைக்கல. ருமேனியா திரும்பி டிமிஷோரா கிளப்ல சில மாசம். 2007ல ஸ்டெயாவா, சாம்பியன்ஸ் லீக் குரூப் வரைக்கும் கொண்டு போயிட்டு ஓனரோட ஒத்துப் போகாம செப்டம்பர்லயே ராஜினாமா. 2010ல மறுபடி கலாட்டாசராய், அதுவும் சில மாசத்துல முடிஞ்சுது.

பெரிய பிளேயர் நல்ல கோச் ஆக முடியாதுங்கிறதை நான் ஒத்துக்கல. ஹாஜியோட சிக்கல் வேறன்னு நினைக்கிறேன். போன இடமெல்லாம் உடனே ரிசல்ட் வேணும், ஹாஜி வந்துட்டாரு இனி கோப்பை தான்னு ஊரே வாசல்ல நிக்கும், அவருக்கோ பந்தை வச்சு ஆடற ஒரு ஸ்டைல் மனசுல இருக்கு, அதை 28 வயசு ஆளுகிட்ட ஆறு மாசத்துல எப்படிக் கொண்டு வர்றது? அவர் கால் தானா செஞ்சதை இன்னொருத்தன் காலுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா அந்தக் கால் பத்து வயசுக் காலா இருக்கணும். இதை அவரும் உணர்ந்திருப்பாருன்னு தான் தோணுது, ஏன்னா அடுத்து செஞ்ச வேலை அப்படி.

அந்த அகாடமி பத்திக் கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

இதைத் தான் யாராவது கேட்க மாட்டாங்களான்னு காத்துட்டிருந்தேன்!

2009ல சொந்தக் காசைப் போட்டு கொன்ஸ்டான்ட்சா பக்கத்துல கிளப்பும் அகாடமியும் ஆரம்பிச்சாரு. பேரு வீட்டோருல், அவங்க பாஷைல எதிர்காலம்னு அர்த்தம். இடம் ஒவிடியுங்கிற சின்ன ஊரு, ரோமாபுரில இருந்து நாடு கடத்தப்பட்டு இந்தக் கடலோரத்துலயே செத்துப் போன கவிஞர் ஓவிட் பேர்ல இருக்கற ஊரு. பையன்களுக்குத் தங்கறதுல இருந்து மைதானம் வரைக்கும் எல்லாம் அங்கயே. மூணாவது டிவிஷன்ல ஆரம்பிச்ச டீம் 2012ல முதல் டிவிஷனுக்கு வந்துடுச்சு. 2014ல ஹாஜியே கோச் நாற்காலில உட்கார்ந்தாரு, ஓனரும் அவரே, கோச்சும் அவரே, வாத்தியாரும் அவரே. இனி அவரை யாரு துரத்தறது? தோத்தாலும் பரவால்ல, 17 வயசுப் பையன் ஆடட்டும்னு விட்டாரு, பின்னால கோல்கீப்பர்ல இருந்து பாஸ் பண்ணித் தான் வரணும், பயந்து தூக்கி அடிக்கக் கூடாது.

2016-17ல அந்தப் பசங்க லீக் சாம்பியன். புகாரெஸ்டோட பெரிய கிளப்பான எஃப்சிஎஸ்பியும் இவங்களும் சரிசமமான பாயின்ட், நேருக்கு நேர் ஆடின கணக்குல இவங்க மேல. எட்டு வயசு கிளப்புங்க அது! 2019ல ருமேனியக் கோப்பையும் சூப்பர் கப்பும். அதே வருஷம் 21 வயசுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டில ருமேனியா இங்கிலாந்தை 4-2ன்னு அடிச்சு செமிஃபைனல் போச்சே, அந்த டீம்ல ஃப்ளோரினெல் கோமன், டுடோர் பலுட்சா, நெடெல்கு, ஹாஜியோட பையன் இயானிஸ் ஹாஜின்னு இந்த அகாடமிப் பசங்க நிறைய. அதுல இருந்து டோக்கியோ ஒலிம்பிக்ஸும் கிடைச்சுது.

2021ல வீட்டோருலை தான் சின்ன வயசுல ஆடின ஃபாருல் கூட இணைச்சுட்டாரு. சொந்தப் பிள்ளைக்கு வச்ச பேரை எடுத்துட்டு ஊர்ப் பேரை வைக்கிறது லேசு இல்ல. ஃபாருல்னா கலங்கரை விளக்கம். 1920ல இருந்து கணக்கு சொல்ற கிளப், ஒரு தடவை கூட லீக் ஜெயிச்சதில்ல, 2023ல ஹாஜி ஜெயிச்சுக் குடுத்தாரு.

இயானிஸ் ஹாஜி அப்பா பேரால தானே டீம்ல வந்தாரு?

அப்பாவோட கிளப்ல சின்ன வயசுலயே கேப்டன் பட்டை கட்டினப்போ நானும் அப்படித் தான் நினைச்சேன். ஆனா அப்பா பேரை வச்சு பெல்ஜியத்துல ஜெங்க் கிளப்லயோ ஸ்காட்லாந்துல ரேஞ்சர்ஸ்லயோ ஆட முடியாது. முதல் தடவை இத்தாலில ஃபியோரென்டினா போய் வாய்ப்பு கிடைக்காம வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி ஏறின பையன். ரெண்டு காலாலயும் ஒரே மாதிரி அடிப்பாரு, அது அப்பாகிட்ட இல்லாதது.

ஹாஜிக்கு குருன்னு யாரைச் சொல்லலாம்?

மிர்ச்சா லூசெஸ்கு. 1983ல ருமேனியா கோச்சா இருந்தப்போ 18 வயசுப் பையனை நேஷனல் டீம்ல இறக்கினது அவரு, அந்தப் பையன் அப்புறம் 124 மேட்ச், 35 கோல். பிரெஷ்யால கோச்சும் அவரு. கடைசி சீசன்ல கலாட்டாசராய்க்கும் அவரே வந்தாரு, 2000 ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் சேர்ந்து ரியல் மாட்ரிட்டை 2-1ன்னு அடிச்சு சூப்பர் கப் வாங்கினாங்க, அதே மொனாக்கோல. இளம் பசங்களை பயப்படாம இறக்கறது லூசெஸ்கு பழக்கம், ஹாஜிக்கு அது அங்க இருந்து தான் வந்திருக்கணும்.

நான் 2005ல பிறந்தவன். ஹாஜி ஆடினதைப் பார்த்ததே இல்ல. எந்த மேட்ச்ல இருந்து ஆரம்பிக்கட்டும்?

கொலம்பியா மேட்சை முழுசாப் பாருங்க தம்பி, அந்த கோலை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, பந்து வர்றதுக்கு முன்னாடி அவர் தலையைத் திருப்பி எங்கெல்லாம் பார்க்கிறார்னு கவனிங்க. அது முடிஞ்சதும் 2023 மே மாசம் ஃபாருல் எஃப்சிஎஸ்பி மேட்ச். ஒவிடியுல அந்த சின்ன ஸ்டேடியம், ஜெயிச்சா பட்டம், 0-2ன்னு பின்னாடி இருந்து 3-2ன்னு முடிப்பாங்க. அதுல பந்தை விட்டுட்டு கோட்டுக்கு வெளிய நிக்கிற 58 வயசு மனுஷனைப் பாருங்க.