மகள் நோட்டில் ஒரு செருப்பு: பிளஸ் டூ பெண்ணின் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகளின் தமிழ் நோட்டு கடைசிப் பக்கத்தில் இருந்ததாக நீங்கள் எழுதி அனுப்பிய நாலு வரியிலிருந்தே தொடங்குகிறோம்.

செருப்புக்கு அளவாய்
காலை வெட்டச் சொன்னார்கள்.
கத்தியை நீட்டிய கையில்
அம்மாவின் வளையல்.

"என்னைத்தான் சொல்கிறாளா, இல்லை பிள்ளைக்குப் புத்தி ஏதும் பிசகிவிட்டதா" என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தி பிசகவில்லை. நன்றாகப் படித்திருக்கிறாள். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் வரும் சின்ட்ரெல்லா கதை, பிரான்சில் சார்ல் பெரோ 1697இல் அச்சில் கொண்டுவந்தது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் முதலில் வெளியிட்டு, பின் பதிப்புகளில் திருத்திய கதை வேறு மாதிரி. அதில் செருப்பு சேராததால் ஒரு அக்கா கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. கத்தி கொடுப்பது பெற்ற தாய். "ராணியாகிவிட்டால் நீ நடக்கவே வேண்டியதில்லை" என்கிறாள். செருப்பிலிருந்து ரத்தம் வடிவதைப் புறாக்கள்தான் இளவரசனுக்குச் சொல்கின்றன. உங்கள் மகள் அந்தப் பழைய கதையைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அந்தத் தாய்க்கு மகள் மேல் வெறுப்பு இல்லை, நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்கும் அவசரம்தான் என்பதையும் கவனித்திருக்கிறாள். வளையல் என்ற ஒரு சொல் அதைச் சொல்கிறது. பதினேழு வயதில் இது பெரிய காரியம்.

இன்னொரு பக்கத்தில் நாக்கு இல்லாத கடல்கன்னி வருவதாகச் சொன்னீர்கள். அது டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதை. கால் வேண்டும் என்பதற்காகக் கடல்கன்னி நாக்கைக் கொடுக்கிறாள். எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதாக வலிக்கிறது. கடைசியில் இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். (அந்தக் காலத்து மாலுமிகள் கடல்கன்னி என்று நினைத்தது, நம் பாக் நீரிணையில் கடல்புல் மேயும் ஆவுளியா என்ற கடல்பசு போன்ற விலங்குகளைத்தான் என்று சொல்வார்கள். மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.) பழைய தேவதைக் கதைகளைப் பெண்ணின் பக்கமிருந்து திருப்பி எழுதுவது உலகம் அறிந்த கவிதை வகை. அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1971இல் கிரிம் கதைகளை வைத்தே ஒரு முழுத் தொகுப்பு கொண்டுவந்தார். நம் பக்கத்தில் நல்லதங்காள் கதை கேட்டு அழாத வீடு உண்டா? ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டவளை ஊர் ஏன் இன்னும் பாடுகிறது என்று யோசித்தால், மகள் எங்கே நிற்கிறாள் என்பது புரியும்.

பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. கதைப் பாத்திரத்தை விட்டுவிட்டு "நான் இருக்க வேண்டாம்" என்று நேராக எழுதுவது, வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் குறைவது, கையில் கீறல், வைத்திருந்த பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. தெரிவது ஒன்றுதான்: பெரியப்பா கொண்டுவந்த வரன்.

அதைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு அழைப்பு போனால் நின்றுவிடும். உங்களுக்கு அது தெரியும். அதனால்தான் "இப்போ உறுதி மட்டும் பண்ணிக்குவோம், படிக்கட்டும்" என்கிறார்கள். எங்கே கோளாறு வருகிறது என்றால், உறுதி ஆனதும் வீட்டுக் காசு நகைக்குத் திரும்பிவிடும், கல்லூரிச் செலவு பாரமாகத் தெரியும். 18 முடிந்த முதல் தையில் கல்யாணம். அடுத்த செமஸ்டரில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய் தேர்வு எழுத முடியாமல் நிற்கும். "கட்டிக்கொண்டு போய்ப் படிக்க வைக்கிறோம்" என்ற வாக்கு பெரும்பாலும் முதல் அரியரிலேயே முடிந்துபோகிறது. பெரியப்பாவிடம் வாதம் வேண்டாம். "டிகிரி சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகு பேசுவோம் அண்ணே" என்று ஒரே வாக்கியத்தை நீங்களும் வீட்டுக்காரரும் மாற்றாமல் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த இடைவெளியில் நிச்சயதார்த்தம் நடந்துவிடும்.

அரசாங்கமே இந்த விஷயத்தில் திசை மாறியிருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு கொடுத்தது திருமண உதவி: தாலிக்கு 8 கிராம் தங்கம், கூடப் பணம். 2022இல் அதைப் படிப்புக்கான புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். மூன்று வருட பி.ஏ.வுக்கு 36,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பம். பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னது: ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் இன்னொரு எழுத்து, அல்லது அவள் பெயரில் இல்லாத வங்கிக் கணக்கு. இப்போதே அவள் பெயரில் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள்.

காசு விஷயத்தில் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு தனிச் சங்கடம். விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கல்லூரிச் சேர்க்கையும் அந்த நாட்களிலேயே வருகிறது. கையில் காசு இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் "ஒரு வருஷம் போகட்டும்" என்ற பேச்சு எழும். சீட்டை விட்ட பெண் அடுத்த வருடம் திரும்புவது கடினம். மாசி, பங்குனியிலேயே சேர்க்கைச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினரா என்று பாருங்கள், பிள்ளைகள் படிப்புக்கு அங்கே உதவி உண்டு.

எங்கே சேர்ப்பது? அவள் ஆசைப்படி பி.ஏ. தமிழ் என்றால், அரசுக் கலைக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. அண்மை வருடங்களில் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். பலருக்குத் தெரியாத செய்தி: தமிழ் பட்டப்படிப்புக்குத் தரவரிசை தனி. அதில் எண்ணுவது தமிழ்ப் பாடத்தின் மதிப்பெண்ணை மட்டும்தான். ஆங்கில இலக்கியம் தவிர மற்ற படிப்புகளுக்கு நாலு முக்கியப் பாடங்களின் 400. ஆகவே கணக்கில் தடுமாறி, தமிழில் 95 வாங்கும் பெண் தமிழ்த் தரவரிசையில் முன்னால் நிற்பாள். ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி இரண்டையும் விருப்பத்தில் போடுங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மாலை வகுப்பு விடும் நேரத்துக்கு மண்டபம் பக்கம் வரும் பஸ்ஸையும் முன்கூட்டியே விசாரியுங்கள். இருட்டில் வரும் பஸ்ஸைக் காரணம் காட்டியே பல பெண்களின் படிப்பு நிற்கிறது.

"கவிதை சோறு போடுமா" என்று கேட்டீர்கள். போடாது. கவிதை எழுதும் கைக்குப் பழகிய தமிழ் சோறு போடும். பி.ஏ., இரண்டு வருட பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாள் என்று போனால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி. எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு, எம்.ஏ.வுடன் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு என்றால் கல்லூரி ஆசிரியர் வேலை. இவை நீண்ட வழி, இடங்களும் குறைவு, அதனால் இணையாக இன்னொன்றும் வேண்டும். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை 18 வயதிலேயே எழுதலாம். மொத்தம் 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். மற்றவர்கள் தடுக்கி விழும் அந்த இடம் இவளுக்குச் சமதரை. தட்டச்சு இளநிலை, முதுநிலை முடித்து வைத்தால் தட்டச்சர் பணிக்கும் வாய்ப்பு. பள்ளியை விட்டு வரும்போதே தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழை வாங்குங்கள். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, சான்றிதழ் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. மொழிபெயர்ப்பு, படங்களுக்கு வசன வரி (சப்டைட்டில்) எழுதுவது போன்ற வேலைகளுக்கு ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும். முதல் வருடத்திலிருந்தே தினம் ஒரு பத்தி இரண்டு பக்கமும் மாற்றிப் பழகட்டும்.

கவிதைக்கு நேரம் எவ்வளவு? பொதுத் தேர்வு வரை இரவு அரை மணி. எழுதியதற்குத் தேதி போடட்டும், ஒரு வாரம் கழித்து எடுத்து, சொல்லாமலே புரியும் வரிகளை அடிக்கட்டும். கைபேசியில் போடுவதற்கு முன் தமிழ் ஆசிரியை ஒருவர் படிக்கட்டும். முகம் தெரியாதவர்கள் "புத்தகம் போடுகிறோம், பணம் கட்டு" என்றால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். சாகித்திய அகாதமி 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் தருகிறது. அவளுக்கு நிறையக் காலம் இருக்கிறது.

நோட்டைப் பிடுங்கி பீரோவில் பூட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள். பாசி எடுக்கக் கடலில் இறங்குமுன் விரல்களில் துணி சுற்றிக்கொள்வதாகவும், பாறை குத்தாமல் இருக்கப் பழைய ரப்பரை உங்கள் காலுக்கு அளவாக வெட்டிச் செருப்பில் வைத்துக் கட்டுவதாகவும் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதை. எப்படி வெட்டுவீர்கள், எந்தக் கயிறு, எத்தனை நாள் தாங்கும், எல்லாம் அவள் கேட்பாள்.