மாஸ்க் செய்தாகிவிட்டது, அப்புறம் ஏன் தாமதம்?

கேள்வி: என் கணவருக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா கட்டி. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ரேடியேஷனின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலை மாதிரி மாஸ்க் செய்து சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். ‘பிளானிங் நடக்கிறது’ என்று ஒன்பது நாளாகக் காத்திருக்கிறோம். கம்ப்யூட்டர்தானே கணக்குப் போடுகிறது, இத்தனை நாளா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கம்ப்யூட்டர் தன் கணக்கை அரை மணியில் முடித்துவிடும் அம்மா. நாள் பிடிப்பது எங்களுக்குத்தான். நான் ரேடியேஷன் பிசிசிஸ்ட், அதாவது கதிரின் அளவைக் கணக்கிட்டுத் திட்டம் போடுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

சி.டி.யில் எலும்பு பளிச்சென்று தெரியும், கட்டியின் ஓரம் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். ஆனால் கதிர் தலைக்குள் போகப்போக எவ்வளவு குறைகிறது என்ற கணக்குக்கு சி.டி.தான் ஆதாரம். அதனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறோம். கம்ப்யூட்டரே பொருத்திக் கொடுக்கும். நான் அதை அப்படியே நம்புவதில்லை. கண்விழியின் விளிம்பு இரண்டு படத்திலும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தள்ளிப் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படம் 3 மில்லிமீட்டர் நகர்ந்திருந்ததைக் கவனிக்காமல் பாதி பிளான் போட்டுவிட்டேன். சீனியர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, திரையில் கண் நரம்பின்மேல் விரலை வைத்தார். மறுபடி முதலிலிருந்து.

பொருத்திய படத்தில் டாக்டர் வரைய உட்காருவார். கட்டி எடுத்த குழி, அதைச் சுற்றிச் செல்கள் பரவியிருக்கக்கூடிய இடம், தலை லேசாக அசைந்தால் சமாளிக்க இன்னும் சில மில்லிமீட்டர். கூடவே காப்பாற்ற வேண்டியவை: மூளைத்தண்டு, கண் நரம்புகள் குறுக்கிடும் சந்திப்பு, லென்ஸ், உள்காது.

பெரும்பாலும் 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கொடுப்போம். ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். கண் நரம்புச் சந்திப்பை 54, 55 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்போம். கட்டி அதை ஒட்டியே இருந்தால்தான் சங்கடம். மெஷின் வாயில் கதிரை மறைக்கச் சீப்புப் பல் மாதிரி டங்ஸ்டன் தகடுகள் உண்டு, எங்களுடையதில் 120. எது எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்கும். ஆனால் ஓரத்தில் குறைத்தால் கட்டிக்குப் போதாது, கூட்டினால் பார்வைக்கு ஆபத்து என்கிற இடத்தில் முடிவு டாக்டருடையது. இரண்டு மூன்று பிளானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசித்தான் ஒன்றை எடுப்போம். பிறகு மெஷின் காலியாகும் சாயங்கால நேரத்தில், படுக்கையில் ஆளுக்குப் பதில் டிடெக்டரை வைத்து, அந்தப் பிளானையே ஓட்டி அளந்து பார்ப்போம்.

ஆபரேஷனுக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். ஆறு வாரத்தை நெருங்கினால் தயங்காமல் டாக்டரிடம் தேதி கேளுங்கள்.

இன்னொன்று. வேண்டுதல் என்று இடையில் அவருக்கு மொட்டை போட்டுவிடாதீர்கள். மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி மாஸ்க் இறுக்கினாலும் டெக்னீஷியனிடம் அன்றே சொல்லுங்கள். மாஸ்க் மாறினால் சி.டி.யிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.