பெல்ட் மாற்றிய வண்டி ஏற்றத்தில் திணறுவது ஏன்? வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது கொரோலா 110, பெற்றோல். போன மாதம் கண்டியில் ஒரு கராஜில் டைமிங் பெல்ட் மாற்றினேன். கண்டிக்குள் ஓடும்போது குறை தெரியவில்லை. ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாவது கியரில்கூட இழுவை இல்லை. நுவரெலியாவில் ஒரு மெக்கானிக் பாஸ் வெக்கியூம் மீட்டர் போட்டுப் பார்த்துவிட்டு, "13தான் காட்டுது, 18க்கு மேல இருக்கணும். வால்வு போயிருச்சு, ஹெட்டைக் கழற்றணும்" என்கிறார். கழற்றலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: இப்போதைக்கு ஹெட்டில், அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதியில், கை வைக்க விடாதீர்கள்.

அந்த 13ஐ முதலில் பார்ப்போம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பைப் பாதரச அங்குலத்தில் காட்டுவதுதான் வெக்கியூம் மீட்டர். புத்தகத்தில் இருக்கும் 17 முதல் 21 அங்குலம் என்ற கணக்கு கடல் மட்டத்துக்கானது. 1000 அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். நுவரெலியா 6000 அடிக்கும் மேல். அங்கே நல்ல எஞ்சினே 11க்கும் 15க்கும் இடையில்தான் நிற்கும். சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரஷனும் கொழும்பில் காட்டுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் காட்டும். அதனால் மலையில் கம்ப்ரஷன் பார்க்கும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாலு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். நாலும் ஒரே மாதிரி அந்த ஐந்தில் ஒன்றையும் தாண்டி இறங்கியிருந்தால் பார்க்க வேண்டியது பெல்ட்டை. போதாததற்கு உங்கள் 5ஏ எஞ்சினில், பெல்ட் அறுந்தால்கூட வால்வு பிஸ்டனில் மோதாது. பெல்ட் ஒரு பல் மாறியதால் வால்வு வளைந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

உயரத்தில் இழுவை குறைவது இயல்பு. ஆனால் பெல்ட் மாற்றுவதற்கு முன் இதே ஏற்றத்தை இதே கியரில் ஏறியிருந்தீர்கள் என்றால் மலைமேல் பழி போட முடியாது.

எனக்குச் சந்தேகம் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல். இந்த எஞ்சினில் அதைச் சுற்றுவது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். பிஸ்டன்கள் சுற்றும் கிராங் ஷாஃப்டோடு கேமை இணைப்பதுதான் டைமிங் பெல்ட். பெல்ட் ஒரு பல் பிந்தி விழுந்தால் வால்வு திறப்பதும் பிந்தும், பிளக்கில் பொறி விழுவதும் பிந்தும். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மந்தமாக இருக்கும். கராஜ்காரர் என்ன செய்வார்? பெல்ட்டை மறுபடி கழற்றச் சோம்பல்பட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை மட்டும் சரிக்கட்டிவிடுவார். சமதரையில் வண்டி நன்றாகவே ஓடும், காசும் கைமாறிவிடும். வால்வு மட்டும் பிந்தியபடியே இருக்கும். அது ஏற்றத்தில்தான் வெளியே வரும்.

பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். நீண்ட துளையின் நடுப்பக்கமாக இல்லாமல் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதா? பழைய வாஷர் இருந்த இடத்தில் அழுக்கில்லாத பிறை ஒன்று பளிச்சென்று தெரிகிறதா? அந்தப் பிறை எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் அதைத் திருப்பியிருக்கிறார்கள்.

அடுத்தது குறி பார்ப்பது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் கையால் லேசாகச் சுற்றும். கிராங் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, வலப்பக்கமாக மட்டும் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். கிராங் புல்லியின் வெட்டு கவரில் உள்ள 0வுக்கு நேராக நிற்கும்போது, கேம் புல்லியின் சிறு துளைக்குள் பார்த்தால் பின்னால் பேரிங் கெப்பில் உள்ள குறி தெரிய வேண்டும். துளை கீழ்ப்பக்கம் நின்றால் பதறாதீர்கள், கிராங்கை இன்னும் ஒரு சுற்று சுற்றினால் மேலே வரும். மேலே வந்தும் குறி விலகி நின்றால் பெல்ட் தப்பு. கிராங்கில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 பாகை. சின்ன விஷயமில்லை.

பெல்ட்டைச் சரியாகப் போட்ட பிறகுதான், பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட். அதுவும் டயக்னோசிஸ் பெட்டியில் டீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, ஐட்லிங்கில் 10 பாகைக்கு வைக்க வேண்டும். இணைக்காமல் பார்த்தால் கம்பியூட்டர் தன் பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கும்.

குறி எல்லாம் சரியாக இருந்தால்? எஞ்சினின் மேலே இருக்கும் டெப்பெட் கவரைக் கழற்றியபோது பிளக் வயர்களை இடம் மாற்றிப் போட்டார்களா (வரிசை 1-3-4-2), கவரிலிருந்து போகும் ரப்பர் குழாய் சொருகாமல் தொங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளை ஏற்றும் டொயோட்டா டொல்பின் வேன், 3எல் டீசல் எஞ்சின். பெல்ட் போட்டதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டம், வெள்ளைப் புகை, கண் எரிகிறது. ஹட்டன் குளிர்தான் காரணம் என்கிறார்கள் அண்ணே.
வாசகர், ஹட்டன்

பதில்: குளிர்ப் புகை என்றால் எஞ்சின் சூடானதும் போய்விட வேண்டும். ஹீட்டர் பிளக் பழுதானாலும் அப்படித்தான். சூடான பிறகும் புகைத்து, ஏற்றத்தில் இழுக்காமலும் இருந்தால் டீசல் பம்ப் பிந்தியிருக்கிறது. இந்த எஞ்சினில் அதே பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது. கிராங், கேம், பம்ப் மூன்று குறியும் ஒரே நேரத்தில் நேராக நிற்க வேண்டும். புதிய பெல்ட்டில் அச்சடித்த கோடுகள் பொருத்தும்போது மட்டும்தான் உதவும். எஞ்சினைச் சுற்றிய பிறகு அவை தள்ளிப் போவது வழக்கம், அதை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்பதையும் பாருங்கள், குறைந்தால் அது வேறு நோய்.

டேஷ்போர்டில் எரியும் டைமிங் பெல்ட் லைட் 100,000 கிலோமீட்டரை எண்ணுவதற்கு மட்டும்தான். பெல்ட்டின் நிலை அதற்குத் தெரியாது. பிள்ளைகள் ஏறும் வண்டியில் லைட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்.

கேள்வி: டொயோட்டா அல்லியன் காருக்குப் புது டைமிங் செயின் போட்டேன். காலையில் சில நொடி கலகலவென்று சத்தம். செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது.
வாசகி, நானுஓயா

பதில்: ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறு எண் வந்தால், கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். செயினின் நிறமிட்ட கண்ணிகளைக் குறிக்கு நேராகப் போடவில்லை என்றாலும் வரும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி ஒயில் வால்வு அடைத்திருந்தாலும் வரும். சத்தத்துக்கு முதலில் ஒயிலைப் பாருங்கள். டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில்தான் செயினை இறுக்குகிறது. உங்கள் ஊர்க் காலைக் குளிரில் 20 டபிள்யூ 50 போன்ற தடித்த ஒயில் அங்கே போய்ச்சேரத் தாமதமாகும். 5 டபிள்யூ 30 போட்டுப் பாருங்கள். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால் டென்ஷனரின் கொக்கியை விடுவிக்காமல் பூட்டியிருக்கலாம். அதைக் கழற்றிப் பார்க்கும் கூலி யாருடையது என்பதை வேலை தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.